ஃபிலிமா டிஜிட்டலா? அதுக்கு முன்னாடி பிரிண்ட யாரு போடப்போறானு சொல்லு

சித்தப்பா பொண்ணு ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்கா, “அண்ணா, நான் ஃபிலிம்ல எடுக்கவா இல்ல டிஜிட்டல்லயே இருந்துடவா”னு. அவகிட்ட நல்ல டிஜிட்டல் கேமரா ஒண்ணு இருக்கு, வேலைக்குப் போயி சேத்து வெச்ச கொஞ்சம் காசு இருக்கு, வேதாரண்யம் உப்பளத்த ஒரு பத்து வருஷத்துக்கு விடாம கருப்பு வெள்ளையில எடுக்கணும்னு ஆசையும் இருக்கு. போன்ல ரெண்டு மூணு தடவ பேசினோம், ஒவ்வொரு தடவையும் பாதிலயே நின்னுருச்சு, அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன், இதே கொழப்பத்துல இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்ல.

அவளுக்கு இந்த ஆசையக் கெளப்பி விட்டது மைக்கேல் கென்னாவோட படங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், 1953ல இங்கிலாந்துல விட்னஸ்ங்குற தொழிற்சாலை ஊர்ல ஆறு பிள்ளைங்க இருந்த ஏழைக் குடும்பத்துல பொறந்தவரு, பாதிரியார் ஆகணும்னு ஏழு வருஷம் செமினரில படிச்சு, அப்பறம் அத விட்டுட்டு போட்டோகிராஃபி பக்கம் வந்தவரு. எழுபதுகளோட கடைசில அமெரிக்கா போயி சான் பிரான்சிஸ்கோல ரூத் பெர்ன்ஹார்டுங்குற பெரிய போட்டோகிராஃபருக்குப் பல வருஷம் பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு. எண்பதுகள்ல ஹாசல்பிளாட் கேமராவுக்கு மாறினாரு, அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் அதே மாதிரி சதுர நெகட்டிவ் (கழுவின ஃபிலிம்ல வெளிச்சமும் இருட்டும் தலைகீழா இருக்குற படம்), அதே மாதிரி கருப்பு வெள்ளை ஃபிலிம். ஜப்பான்ல ஹொக்கைடோ பனில, குஷாரோ ஏரிக்கரைல தண்ணிய நோக்கி சாஞ்சிருந்த ஒரு ஒத்த மரத்த திரும்பத் திரும்பப் போயி எடுத்தாரு, அந்த மரத்த பின்னாடி வெட்டிட்டாங்க. ராத்திரில கேமராவ ஸ்டாண்டுல வெச்சு ஷட்டரத் தெறந்து விட்டுட்டு மணிக்கணக்கா காத்துட்டு இருப்பாரு. உலகமே டிஜிட்டலுக்குப் போனப்பறமும் அவரு நகரல.

ஆனா நம்மாளுங்க கென்னாவப் பத்திப் பேசுறப்ப “அவரு ஃபிலிம்ல எடுக்குறாரு”னு அதோட நிறுத்திடுறாங்க. அவரோட பிரிண்ட் ஒரு பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், கையில வெச்சுப் பாக்குற சைஸு, அத அவரே டார்க்ரூம்ல, அதாவது பிரிண்ட் போடுற இருட்டு ரூம்ல, நின்னு தன் கையாலயே போடுறாரு. எடுத்த வேலைக்குச் சமமா, சொல்லப்போனா அதுக்கு மேலயே, அந்த இருட்டுக்குள்ள வேல இருக்கு. அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் கேமராவுக்குள்ள என்ன இருக்குங்குறது ரெண்டாவது கேள்விதான், கடைசில அந்தப் படத்த காகிதத்துல யாரு கொண்டு வரப்போறா, எப்படி கொண்டு வரப்போறாங்குறதுதான் மொதக் கேள்வி. அத வெச்சுப் பாத்தா நாலு வழி இருக்கு. ஃபிலிம்ல எடுத்து டார்க்ரூம்ல பிரிண்ட் போடுறது. ஃபிலிம்ல எடுத்து ஸ்கேன் பண்ணிட்டு மிச்சத்த கம்ப்யூட்டர்ல பாத்துக்குறது. டிஜிட்டல்ல எடுத்து அதுலருந்து நெகட்டிவ் செஞ்சு பழைய முறைல பிரிண்ட் போடுறது. முழுக்க முழுக்க டிஜிட்டல்.

மொத வழி, கென்னா போற வழி. நான் ஸ்கூல் படிக்குறப்ப மாமா ஸ்டூடியோல லீவுக்கு லீவு ஃபிலிம் கழுவிட்டு இருந்தவன், அதனால இந்த வழி மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி, அத மொதல்லயே சொல்லிடுறேன். படத்த அழியாம நிக்க வெக்கிற ஹைப்போ கெமிக்கலோட வாசனை வந்தாலே எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வரும், செவப்பு பல்பு, மூணு ட்ரே, வெறும் வெள்ளைப் பேப்பர டெவலப்பர்ல போட்டு ட்ரேய லேசா ஆட்டிட்டே இருந்தா அரை நிமிஷத்துல ஒரு மொகம் எழும்பி வரும். ஆனா பாசம் வேற, காரணம் வேற. டார்க்ரூம் பிரிண்ட் ஏன் ஒரு தனி வேலைன்னா, நெகட்டிவ்ங்குறது பாதி செஞ்ச வேலைதான். அன்சல் ஆடம்ஸ்ங்குற அமெரிக்க போட்டோகிராஃபர் 1941ல நியூ மெக்ஸிகோல ஹெர்னாண்டஸ்ங்குற ஊரத் தாண்டி வர்றப்ப நெலா ஏறுறதப் பாத்து வண்டிய நிறுத்தி அவசர அவசரமா எடுத்தாரு, லைட் மீட்டர் கைக்குக் கெடைக்கல, நெலாவோட வெளிச்சம் எவ்ளோனு மனசுல இருந்த கணக்க வெச்சே எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிம்ல விழ வேண்டிய வெளிச்சத்தோட அளவ, குடுத்தாரு, ரெண்டாவது ஷாட்டுக்குத் தயாராகுறதுக்குள்ள கல்லறைச் சிலுவைங்க மேல இருந்த வெளிச்சம் போயிருச்சு. அந்த ஒரே நெகட்டிவ்லருந்து அவரு வாழ்நாள்ல 1,300க்கு மேல பிரிண்ட் போட்டிருக்காரு. ஆரம்பத்துல போட்டதுல வானத்துல மேகக் கீத்தெல்லாம் தெரியும், பின்னாடி வருஷங்கள்ல போட்டதுல வானம் கிட்டத்தட்ட கருப்பாவே ஆகிருச்சு. நெகட்டிவ் அதேதான், மனுஷன் மாற மாற பிரிண்ட்டும் மாறிட்டே வந்திருக்கு. பத்து வருஷ வேலைனு நெனைக்குற ஒருத்திக்கு இத விட முக்கியமான விஷயம் இருக்குனு நான் நெனைக்கல, ஏன்னா இப்ப எடுக்குற நெகட்டிவ்வ அவ நாப்பது வயசுல வேற மாதிரி பாப்பா.

உப்பளத்துக்குனு பாத்தா ஃபிலிமுக்கு இன்னொரு நல்லதும் இருக்கு. நடு வெயில்ல உப்புக் குவியல் கண்ணு கூசுற வெள்ளை, அந்த வெள்ளைக்குள்ள இருக்குற சின்னச் சின்ன நெழல்தான் படமே. கருப்பு வெள்ளை நெகட்டிவ் ஃபிலிம் ஜாஸ்தி வெளிச்சத்தத் தாங்கும், கொஞ்சம் ஓவர் ஆனாலும் நெகட்டிவ்ல தகவல் இருக்கும், பிரிண்ட் போடுறப்ப அந்த எடத்துக்கு மட்டும் கூட நேரம் வெளிச்சம் காட்டி வெளிய எடுத்துடலாம். டிஜிட்டல்ல வெள்ளை ஒரு தடவ போச்சுன்னா போனதுதான், அங்க நெழலத்தான் தூக்கி எடுக்க முடியும். அதனால டிஜிட்டல்ல எடுக்குறவங்க வெள்ளையக் காப்பாத்த கொறச்சு எடுக்கணும், ஃபிலிம்ல எடுக்குறவங்க நெழலக் காப்பாத்த கொஞ்சம் தாராளமா குடுக்கணும்.

கென்னா மாதிரி மணிக்கணக்கா ஷட்டரத் தெறந்து வெக்கிறதுக்கு பழைய மெக்கானிக்கல் கேமரால பேட்டரியே தேவைப்படாது. டிஜிட்டல்லன்னா சென்சார் நேரம் ஆக ஆக சூடாகி புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், அதக் கழிக்கிற வசதியப் போட்டா எடுத்த நேரத்துக்குச் சமமா இன்னொரு தடவ மூடின ஷட்டரோட கேமரா உக்காந்திருக்கும், நாலு நிமிஷம் எடுத்தா நாலு நிமிஷம் காத்திரு. ஆனா ஃபிலிமுக்கும் ஒரு கொணம் உண்டு, நேரம் நீள நீள அதோட உணர்ச்சி மந்தமாயிரும். கென்னா பெரும்பாலும் பயன்படுத்துற ட்ரை-எக்ஸ்ங்குற கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு கோடாக் குடுக்குற கணக்குப்படி மீட்டர் 10 செகண்டுனு காட்டினா 50 செகண்ட் குடுக்கணும், 100 செகண்டுனு காட்டினா 1,200 செகண்ட், அதாவது 20 நிமிஷம். ஃபூஜியோட ஆக்ராஸ் ஃபிலிம்ல 120 செகண்டுக்குள்ள இந்தத் திருத்தமே தேவையில்ல. இத மொத நாளே தெரிஞ்சுக்கலன்னா மொத பத்து ரோலும் இருட்டாதான் வரும்.

கஷ்டத்தயும் மறைக்காம சொல்லிடணும். டெவலப்பருக்கு புக்குல எல்லாம் 20 டிகிரினு போட்டிருக்கும், நம்மூர்ல மே மாசம் கொழாயத் தெறந்தா 30க்கு மேல வரும். நான் ரெண்டு வாட்டர் பாட்டில்ல ஐஸ் வெச்சு, ஒரு பெரிய டப்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள கெமிக்கல் பாட்டில நிறுத்தி எறக்குறேன். சூட்டோட சூடா நேரத்தக் கொறச்சும் கழுவலாம், ஆனா அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போச்சுன்னா ஃபிலிம்ல திட்டுத் திட்டா வரும். அப்பறம் தண்ணி. ஃபைபர் பேப்பர்னு சொல்ற நல்ல பேப்பர சும்மா கழுவுனா ஒரு மணி நேரம் ஓடுற தண்ணில கெடக்கணும், வாஷ் எய்டுனு சீக்கிரம் கழுவ ஒத்தாசை பண்ற கெமிக்கல் போட்டா ரொம்பக் கொறையும், லாரித் தண்ணி வாங்குற வீட்ல அத வாங்காம டார்க்ரூம் பத்தி யோசிக்கவே கூடாது. தீர்ந்து போன ஹைப்போல வெள்ளி கரைஞ்சிருக்கும், அத சாக்கடைல ஊத்தாதீங்க, ஒரு கேன்ல சேத்து வெச்சு ஸ்டீல் வூல் போட்டு வெச்சா வெள்ளி அடில தங்கிடும். ஃபங்கஸ் இன்னொரு தொல்ல, கடலோர ஈரக்காத்துல லென்ஸ், நெகட்டிவ் ரெண்டுக்குமே சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இல்லாம முடியாது.

காசு? 120ங்குற அகலமான ஃபிலிம் ரோல்ல 6-க்கு-6ங்குற சதுர சைஸுல 12 படம்தான். இன்னைக்கு வெலைய கடைல கேட்டு 12ஆல வகுத்து, கெமிக்கலயும் பேப்பரயும் மேல சேத்துப் பாருங்க, ஒரு தடவ ஷட்டர அமுக்க என்ன ஆகுதுனு தெரியும். அவகிட்ட இத மாசம் மூணு ரோலுனு வெச்சுப் போட்டுப் பாக்கச் சொன்னேன், மூணு நாள் பேசவே இல்ல.

ரெண்டாவது வழி, ஃபிலிம்ல எடுத்து ஸ்கேன் பண்றது, இப்ப இளவட்டப் பசங்க நெறைய பேரு இதத்தான் பண்றாங்க. இதுக்கு எதிரா நான் பேசுறது சில பேருக்குக் கோவம் வரலாம். கலர் ஃபிலிமுக்கு இது நியாயமான வழிதான், கலர் பேப்பர முழு இருட்டுல கையாளணும், சூட்ட விடாம ஒரே அளவுல வெச்சிருக்கணும், வீட்ல அது ரொம்பக் கஷ்டம். ஆனா கருப்பு வெள்ளைல ஒரு வாழ்நாள் வேலைனு எறங்குறவங்களுக்கு இது ரெண்டு பக்கத்துச் செலவயும் தலைல போட்டுக்குற வழி. ரோலுக்கும் காசு, கழுவுறதுக்கும் காசு, ஸ்கேனுக்கும் காசு, அப்பறம் கம்ப்யூட்டர்ல படத்தத் திருத்துற அதே லைட்ரூம் சாஃப்ட்வேர், அதே ஸ்லைடரு, கூட தூசி எடுக்குற வேலை வேற. லேப் கைல குடுத்தா இன்னொரு பயமும் இருக்கு. எனக்கு ஒரு லேப்ல பதினோரு ரோல்ல ஒரு நீளக் கோடு விழுந்து வந்துச்சு, ஒவ்வொரு ரோல்லயும் அதே எடத்துல, ஒரு திருவிழா முழுசும் அந்தக் கோட்டோடதான் இன்னைக்கும் என் பீரோல இருக்கு. அதுலருந்து என் ஃபிலிம வேற யாரையும் தொட விடுறதில்ல. ஆனாலும் இந்த வழில ஒண்ணு மிஞ்சுது, நெகட்டிவ் கைல இருக்கு. இன்னைக்கு ஸ்கேன் பண்ணாலும் அஞ்சு வருஷம் கழிச்சு எடம் கெடைச்சு டார்க்ரூம் போட்டா அதே நெகட்டிவ்வ என்லார்ஜர்ல, அதாவது படத்த பேப்பர் மேல பெருசா விழ வெக்கிற மெஷின்ல, வெக்கலாம். அந்த எண்ணம் நெஜமாவே இருக்குறவங்களுக்கு மட்டும் இது சரி.

மூணாவது வழியப் பத்தி நம்மூர்ல பேச்சே இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப சுவாரசியம். செபாஸ்டியாவோ சல்காடோ, பிரேசில் நாட்டு போட்டோகிராஃபர், 2025ல எறந்து போனாரு, பல பத்து வருஷம் லைக்கா கேமரால ட்ரை-எக்ஸ் போட்டு எடுத்தவரு. 2004ல ஜெனிசிஸ்ங்குற பெரிய வேலைய பென்டாக்ஸ் 645 கேமரால ஃபிலிம்லதான் ஆரம்பிச்சாரு. ஏர்போர்ட்ல எக்ஸ்ரே கெடுபிடி ஏறிருச்சு, ஒரு பயணத்துல அந்த ஃபிலிம் எத்தனையோ மெஷினுக்குள்ள போயி வரணும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா படத்தோட தரம் போகுது. 2008ல கேனன் டிஜிட்டலுக்கு மாறிட்டாரு. ஆனா பாருங்க, ஸ்க்ரீன்ல பாத்துப் படம் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒத்துவரல, அதனால டிஜிட்டல் படத்தயும் கான்டாக்ட் ஷீட்டா, அதாவது ஒரே காகிதத்துல சின்னச் சின்னப் படங்களா, அடிச்சு லென்ஸ் வெச்சுப் பாத்துத்தான் எடுத்தாரு. ஃபைல்ல ட்ரை-எக்ஸ் க்ரெய்ன, அதாவது ஃபிலிம்ல தெரியுற பொடிப் புள்ளிய, சேத்து, 4-க்கு-5 இன்ச் நெகட்டிவ் செஞ்சு, அதுலருந்து பழைய டார்க்ரூம் முறைல சில்வர் பிரிண்ட் போட வெச்சாரு. கேமராவ மாத்தினாரு, காகிதத்த மாத்தல. அவரு விசுவாசத்த விட்டுட்டாருனு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படித் தோணல, எத விட்டுக் குடுக்கலாம் எத விட்டுக் குடுக்கக் கூடாதுனு தெளிவா தெரிஞ்ச ஆளுதான் இத இவ்ளோ மெனக்கெட்டு செய்வாரு.

நமக்கு அந்த மாதிரி லேப் வசதி இல்லன்னாலும் சின்ன அளவுல இது முடியும். இங்க்ஜெட் பிரிண்டர்ல ட்ரான்ஸ்பரன்சி ஷீட்ல நெகட்டிவ்வ அடிச்சு, அத பேப்பரோட ஒட்ட வெச்சு கான்டாக்ட் பிரிண்ட் போடலாம். நீல நெறத்துல பிரிண்ட் வர்ற சயனோடைப் மாதிரி பழைய முறைன்னா டார்க்ரூமே வேணாம், மொட்ட மாடி வெயில் போதும், கழுவுறதுக்கு வெறும் தண்ணி. நீல நெறம் உப்பளத்துக்குப் பொருந்துமானு அவதான் சொல்லணும். பிரிண்ட்டோட சைஸு நெகட்டிவ் சைஸுதான், 20 சென்டிமீட்டர் சதுரம்னா அவ நேசிக்கிற அந்த கென்னா சைஸே வந்துருது. கைல டிஜிட்டல் கேமரா ஏற்கனவே இருக்குறவங்களுக்கு கொறஞ்ச செலவுல கை வேலையத் தொட்டுப் பாக்க இத விட நல்ல வாசல் எனக்குத் தெரியல.

நாலாவது, முழு டிஜிட்டல். இத கீழான வழினு யாரும் நெனைக்க வேணாம். கம்மி வெளிச்சத்துல, ஓடிட்டே இருக்குற மனுஷங்கள எடுக்க, அன்னைக்கே அனுப்ப வேண்டிய வேலைக்கு இதுதான். நல்ல காட்டன் பேப்பர்ல பிக்மென்ட் இங்க்ல போட்ட பிரிண்ட் கண்ணுக்கும் நல்லா இருக்கும், நெறைய வருஷமும் தாங்கும். தண்ணி செலவு கெடையாது, ஹைப்போ கெடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை, ஃபைல் தானா பொழைக்காது. ஹார்ட் டிஸ்க்க மாத்தி மாத்தி மூணு எடத்துல காப்பி வெச்சு பத்து வருஷம் பாத்துக்கணும், யாராவது ஒருத்தர் உக்காந்து அத செஞ்சுட்டே இருக்கணும். நெகட்டிவ் ஒரு காய்ஞ்ச டப்பால சும்மா கெடந்தாலே போதும், மறந்து போனாலும் இருக்கும். ராட்க்ளிஃப்னு இங்கிலாந்துல ஒரு நிலக்கரி பவர் ஸ்டேஷன், கென்னா எண்பதுகள்லருந்து போயிப் போயி எடுத்தது, 2024 செப்டம்பர்ல அத மூடிட்டாங்க, அந்த நாட்டோட கடைசி நிலக்கரி பவர் ஸ்டேஷன் அது. எண்பதுகள்ல எடுத்த அந்த நெகட்டிவ்லருந்து இன்னைக்கும் பிரிண்ட் போட முடியும்.

ஃபிலிம்ல எடுத்தா பொறுமை தானா வரும்னு ஒரு பேச்சு இருக்கு, அத மட்டும் நம்பி யாரும் ஃபிலிமுக்கு வராதீங்க. கேரி வினோகிராண்ட்ங்குற அமெரிக்க போட்டோகிராஃபர் 1984ல எறந்தப்ப கழுவாத ரோலே 2,500 கிட்ட கெடந்துச்சு. அவரும் ஃபிலிம்தான், கென்னாவும் ஃபிலிம்தான். பொறுமை மனுஷனுக்குள்ள இருந்து வரணும், 12 ஷாட்டுங்குற கணக்கு அதுக்கு கொஞ்சம் ஒத்தாசை பண்ணும், அவ்ளோதான்.

ஃபிலிம் நின்னு போயிருமோனு அவளுக்கு இன்னொரு பயம். நம்ம ஊட்டில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, 1960ல ஆரம்பிச்சது, இந்துனு பேரு போட்டு கருப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் வரும், மாமா கடைலயும் அந்த டப்பா அடுக்கி இருக்கும். அது மூடிப் போச்சு, அத நெனைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. கோடாக் 2012ல திவாலுக்கு மனு போட்டுச்சு, ஆனா ட்ரை-எக்ஸ் இன்னும் வருது. ஃபூஜி 2018ல கருப்பு வெள்ளைய நிறுத்தி, மறு வருஷமே ஆக்ராஸ் ரெண்டுனு திரும்பக் கொண்டு வந்துச்சு. இல்ஃபோர்டு ஃபிலிமும் பேப்பரும் இங்கிலாந்துல ஹார்மன் செய்றாங்க. 2024ல பென்டாக்ஸ் புதுசா ஒரு ஃபிலிம் கேமராவே விட்டுச்சு. கருப்பு வெள்ளை அடுத்த பத்து வருஷத்துக்கு இருக்கும்னு நான் நம்புறேன், வெல மட்டும் ஏறும்.

கேமரா சைஸு பத்தி சுருக்கமா. 35 எம்எம்னா 24-க்கு 36 மில்லிமீட்டர், சட்டுனு எடுக்கலாம், ஆனா அசையாத உப்பளத்துக்கு அந்த வேகம் எதுக்கு. 120ல 6-க்கு-6ன்னா 56 மில்லிமீட்டர் சதுரம், பரப்பளவு மூணரை மடங்குக்கும் மேல, 20 சென்டிமீட்டர் பிரிண்ட்டுக்கு க்ரெய்ன் கண்ணுலயே படாது. 4-க்கு-5 ஷீட் ஃபிலிம் அத விடப் பெருசு, ஆனா அதுக்குப் பெரிய என்லார்ஜர் வேணும், அது பழசுல கெடைக்கிறதே கஷ்டம். எடுத்தா 120, அதுவும் முழு மெக்கானிக்கல், உப்புக் காத்துல எலக்ட்ரானிக்ஸ நம்பி நடு வரப்புல நிக்கக் கூடாது.

ஆக அவளுக்கு என் பதில் இதுதான். பிரிண்ட் நானே போடுவேன், வாரத்துல ஒரு நாள் இருட்டு ரூம்ல நிக்கத் தயார்னா மொத வழி, கொஞ்சமும் யோசிக்காத, நான் என்லார்ஜர் தேடித் தர்றேன். பிரிண்ட் வேலை பிடிக்கல, எடுக்குறது மட்டும்தான் பிடிக்குதுன்னா இருக்குற டிஜிட்டல் கேமராவுலயே இரு, அந்தக் காச உப்பளத்துக்குப் போக வர பஸ்ஸுக்கும் தங்குறதுக்கும் வெச்சுக்கோ, படம் அங்க நிக்கிற நாள்லதான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல தெரியலன்னா மூணாவது வழில ஒரு வருஷம் போ. ரெண்டாவது வழிய உனக்கு நான் சொல்ல மாட்டேன்.

எது பிடிக்கும்னு எப்படித் தெரியும்னு கேட்டா. அதனால இப்ப எதையும் வாங்காதனு சொல்லிட்டேன். என்கிட்ட இருக்குற ஒரு பழைய நெகட்டிவ், காவிரிப் படித்துறை, வானம் வெளுத்து படி இருண்டு போயி ரொம்பப் படுத்துற நெகட்டிவ், அத அவகிட்ட குடுத்து காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒரு நல்ல பிரிண்ட் போடச் சொல்லப் போறேன். எத்தன செகண்ட் வெளிச்சம் காட்டணும்னு பாக்குற டெஸ்ட் ஸ்ட்ரிப்ல ஆரம்பிச்சு எட்டு பத்து பேப்பர் வீணாகும். சாயங்காலம் வெளிய வர்றப்ப “அண்ணா, அந்த மூணாவது படிய இன்னும் ரெண்டு செகண்ட் மறைச்சிருக்கலாம்ல”னு கேட்டான்னா கேமரா தேட ஆரம்பிச்சுடலாம். அப்பாடானு உக்காந்தான்னா அதுவும் நல்ல பதில்தான், ஒரு பெரிய செலவு மிச்சம். ஞாயித்துக்கெழம வர்றா, ஐஸ் பாட்டில் ரெண்டையும் ஃப்ரீசர்ல வெச்சாச்சு.